அள்ளாமல் விட்ட வரகு

சென்ற மாதம் மலைமேல் ஒரு பெரிய கூட்டத்துக்குச் செய்தி எழுதப் போயிருந்தேன். ஆசியக் கண்டத்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, யுத்தம் உலுக்கிப் போட்ட பொருளாதாரத்தை எப்படி நிமிர்த்துவது என்று பேசினார்கள். மண்டபத்து வாசலில் மேசை போட்டு, அந்தந்த நாட்டுத் தானியங்களைக் கண்ணாடிச் சீசாக்களில் அடுக்கியிருந்தார்கள். நம் பக்கத்துச் சீசா ஒன்றின் மூடியைத் திறந்து முகர்ந்தேன். உமி நீங்காத பழைய வரகு. காய்ந்த மண்ணும் வேப்பிலைச் சருகும் கலந்த வாசனை. காவலுக்கு நின்றவர், "தொடக் கூடாதுங்க" என்றார். மூடி வைத்தேன். அதற்குள் நீ நினைவில் வந்துவிட்டாய்.

உன்னிடம் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அது நடந்தபோது நீ இல்லை. உனக்குச் சேர வேண்டிய செய்தி என்பதால் எழுதிவிடுகிறேன். உனக்கு எப்போதும் முடிவை முதலில் சொல்லிவிட வேண்டும், ஆகவே சொல்கிறேன். உன் பந்தயம் ஜெயித்தது.

யுத்தம் முடிந்த மறு தையில் நீ அரியலூருக்குச் சப்ளை ஆபீசராக வந்தாய். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த நாம் அத்தனை வருஷத்துக்குப் பிறகு ஸ்டேஷன் ரோட்டில் சந்தித்துக்கொண்டோம். நான் அங்கே பத்திரிகைக்காக அறை எடுத்திருந்தேன். நீ என் சட்டைப் பையில் இருந்த பென்சிலைப் பார்த்துவிட்டு, "இன்னும் மை பேனா வாங்கிக் கொடுக்கலியா உன் முதலாளி?" என்றாய். நீ கும்பகோணத்துப் பக்கத்துக்காரன். ஆற்றுப் பாசனத்தில் பிறந்தவன். எங்கள் செம்மண் காட்டைப் பார்த்ததும், "இதுல என்னப்பா விளையும், செங்கல்லா?" என்று கேட்டாய்.

உன் வேலை எளிதாகச் சொல்லக்கூடியது, செய்ய முடியாதது. டவுனில் ரேஷன் கடை நடக்க வேண்டும். ரயில்வே ஊழியர்கள், வாத்தியார்கள், நெசவாளிகள், கூலிக்காரர்கள் எல்லாரும் அந்தக் கடையை நம்பி இருந்தார்கள். கடைக்குத் தானியம் கிராமத்திலிருந்து வர வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷச் சாப்பாட்டுக்கு மேல் வீட்டில் தானியம் இருந்தால் அது பதுக்கல். சர்க்கார் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு.

கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கம் அந்த உத்தரவு பொருந்தியது. அங்கே வருஷா வருஷம் தண்ணீர் வரும். வருஷா வருஷம் நெல் வரும். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருப்பவன் விலை ஏறக் காத்திருப்பவன்தான். ஆனால் உடையார்பாளையத்துக்கு மேற்கே, பெரம்பலூர் எல்லை வரைக்கும் மழையை நம்பிய மானாவாரிக் காடு. அங்கே மழை ஒரு வருஷம் பெய்யும், ஒரு வருஷம் ஏமாற்றும். வரகு மட்டும் கெடாமல் வருஷக்கணக்கில் கிடக்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் கூடத்து மூலையில் வரகைக் கொட்டிவைக்கும் ஆள் உயர மண்குதிர்கள் நிற்கும். மழை பொய்த்த வருஷத்துக்கு அந்தக் குதிர்தான் ஏரி, அந்தக் குதிர்தான் பாங்கி. உத்தரவின் கண்ணுக்கு அது பதுக்கல். எல்லா ஊரும் ஆற்றங்கரை என்று நினைத்துக்கொண்டு யாரோ எழுதிய உத்தரவு.

மலைமேல் கூட்டத்திலும் இதைத்தான் வேறு வேறு வார்த்தையில் பேசினார்கள். தொழிற்சாலை வேண்டும், ரயில் வேண்டும், மின்சாரம் வேண்டும்; அதைக் கட்டுகிறவனுக்குச் சோறு வேண்டும்; அந்தச் சோற்றைக் கிராமத்திலிருந்து கிராமத்தை முறிக்காமல் எப்படிக் கொண்டுவருவது? கீழைக் கடல் பக்கத்து நாடு ஒன்றிலிருந்து வந்திருந்த ஒல்லியான பிரதிநிதி எழுந்து, "எங்கள் நாட்டில் நாங்கள் உத்தரவு போட்ட மறுநாள் நெல் காட்டுக்குள் ஓடிவிடுகிறது. போலீசை அனுப்பினால் இன்னும் ஆழமான காட்டுக்குள் ஓடுகிறது" என்றார். மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நெல் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். வரகு ஓடியதை உன்னோடு உட்கார்ந்து பார்த்தவன் நான்.

கலியபெருமாள் வீடு. உனக்கு நினைவிருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அதைச் சொல்லச் சலிப்பதில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் கூடத்துக் குதிர்களைப் பார்ப்பார்கள். வாய் திறந்து கேட்கமாட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கூடத்தில் நடந்து, ஏதோ யோசிப்பவர் போலக் குதிரை விரல் முட்டியால் தட்டுவார். நிறைந்த குதிர் 'தொப்' என்று அடங்கிப் பேசும். காலிக் குதிர் மத்தளம் மாதிரி முழங்கும். பஞ்சத்தில் தாய்வீடு தாங்குமா என்பதற்கு அந்தத் தட்டல்தான் பதில்.

நீ சோதனைக்கு வரப்போவது கலியபெருமாளுக்குத் தெரிந்திருந்தது. காலையில் ஆபீசர் வருவார், காலிக் குதிரைக் காட்டி அனுப்பிவிடலாம், மத்தியானம் திரும்ப நிரப்பிவிட்டால் சாயங்காலம் ஜெயங்கொண்டத்துப் பக்கத்திலிருந்து தன் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு நிறைகுதிராகக் காட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். ஒரே நாளில் ஒரே குதிரை இரண்டு விதமாகக் காட்ட நினைத்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்தக் கணக்கைக் கெடுத்தது நம் மாட்டுவண்டி. வழியில் கடையாணி கழன்று சக்கரம் ஓடைக்குள் உருண்டது. நாம் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம்.

நாம் பெஞ்சில் உட்கார்ந்து நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தோம். மணியக்காரர் உன் பக்கம் குனிந்து, "அய்யா, இந்த வூட்ல ஒண்ணும் கெடையாதுங்க. எலியே கோவிச்சுக்கிட்டுப் பக்கத்து வூட்டுக்குப் போயிடுச்சு" என்றார். கலியபெருமாள் கைகட்டி நின்று ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தார். நீயும் எழுந்து குதிரின் அடித்துளை அடைப்பை எடுத்துப் பார்த்தாய். ஒரு மணி விழவில்லை. அந்த நேரத்தில்தான் வாசலில் வண்டிகள் வந்து நின்றன. தட்டுத் தாம்பாளத்தோடு ஆட்கள் இறங்கினார்கள். கலியபெருமாள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுல எழவு?" என்று நீ என் காதில் கேட்டாய்.

தாய்மாமன் உள்ளே வந்தார். பெரிய மீசை, பேச்சு குறைவு. நம்மை யாரோ உறவுக்காரர் என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டார். கூடத்தில் நடந்தார். குதிரைத் தட்டினார். அது முழங்கியது. இரண்டாவதைத் தட்டினார். அதுவும் முழங்கியது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரிங்க, போயிட்டு வரோம். நாள் கெடக்கு. பொறவு சொல்லி அனுப்பறோம்."

கலியபெருமாள் அவரைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மணியக்காரரைப் பார்த்தார். மணியக்காரர் கூரையைப் பார்த்தார். அடுக்களை வாசலிலிருந்து கலியபெருமாள் மனைவி அஞ்சலையின் குரல் வந்தது.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைங்களேன். சர்க்காரு வந்தா நம்ம பொண்ணைக் கட்டிக்கப் போவுது?"

"கொல்லையில..." என்றார் கலியபெருமாள். தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொல்லையில கடலைக்கொடிப் போர் இருக்குதுல்லீங்க மாமா. அதுக்குள்ள..."

ரகசியமாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். தெருவுக்கே கேட்டது.

நான் உன்னைப் பார்த்தேன். நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தாய்மாமனிடம், "வாங்க, பார்க்கலாம்" என்றாய். கொல்லைக்குப் போனோம். போருக்குள் தோள்வரை கையை விட்டு ஒரு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாய். பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. உன் வெள்ளைச் சட்டையெல்லாம் கடலைச் சருகு.

"நான் சர்க்கார் ஆபீசர்ங்க" என்று அவரிடம் சொன்னாய். "இந்த வீட்டுல மூணு வருஷ வரகு இருக்குன்னு நான் சொல்றேன். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் உங்களுக்கு?"

தாய்மாமன் அப்போதுதான் நீ யார் என்று புரிந்துகொண்டார். ஆனாலும் அசரவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "நீங்கதான் நாளைக்கி அள்ளிட்டுப் போயிடுவீங்களேய்யா. அப்ப குதிர் காலிதானே? நான் தட்டுனது சரியாத்தானே இருக்கு?"

ஒரு கண்டத்துப் பிரதிநிதிகள் மலைமேல் உட்கார்ந்து நாள் கணக்காகத் தேடிய கேள்வியை அந்த மனிதர் கொல்லையில் நின்று கேட்டுவிட்டார். எல்லாரும் உன் வாயைப் பார்த்தார்கள். அடுக்களை வாசலில் அஞ்சலைக்குப் பின்னால் பட்டுப் பாவாடையின் ஓரம் தெரிந்தது.

"அள்ளமாட்டேன்" என்றாய்.

திரும்பும் வழியில் வண்டியில் நான் கேட்டேன், "என்ன சொன்னே தெரியுதா? உத்தரவை மீறினா உன் உத்தியோகம் போயிடும்."

"தெரியும்ப்பா ரிப்போர்ட்டர்."

"ஒரு கல்யாணத்துக்காகவா?"

நீ சட்டையில் ஒட்டியிருந்த சருகை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தாய். கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னாய்: "இன்னிக்கு அள்ளினா ஒரு வீட்டு வரகு கிடைக்கும். நாளைக்கு எல்லா ஊர் வரகும் போருக்குள்ள போயிடும். மழைக்குப் பயந்து சேர்த்தவனை நம்மளுக்கும் பயப்பட வெச்சா, அவன் மழை பெஞ்சாலும் கொடுக்கமாட்டான்."

மறு வாரம் நீ திருச்சிக்குப் போய் மேலதிகாரியைப் பார்த்தாய். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். வெளியே வந்து நீ சொன்னதுதான் எனக்குத் தெரியும். மானாவாரிக் கிராமங்களில் இரண்டு வருஷச் சாப்பாடும் விதையும் வீட்டிலேயே இருக்கட்டும். யாரும் வாசல் மிதிக்கமாட்டோம். அதற்கு மேல் இருப்பதை ஊர் நடுவில் வெளிப்படையாகச் சொல்லி, பழைய வரகை முதலில் அரியலூர் சர்க்கார் தானிய டிப்போவுக்குக் கொடுக்கட்டும். அந்த வரகு முதலில் அரியலூர், ஜெயங்கொண்டம் கடைகளுக்குத்தான் போகும். அதற்குப் பிறகுதான் வெளியூர். இதுதான் நீ கேட்டது. அவர், "பதுக்கல்காரனிடமே பதுக்கலை விட்டுவைக்கச் சொல்கிறீர்" என்றாராம். நீ, "அவங்க பொய் சொல்றதை நிறுத்தினாத்தான் நம்ம கணக்கு நிஜமாகும்" என்றாயாம். ஒரு வருஷம் சோதனை. வரும் தானியம் குறைந்தால் உன் வேலை போகும். அப்படித்தான் முடிந்தது.

முதல் மாதம் ஒரு வண்டியும் வரவில்லை. டிப்போ வாசலில் நாற்காலி போட்டு நீ உட்கார்ந்திருந்தாய். டவுன் வியாபாரிகள் போகிற போக்கில், "என்ன சார், வெயில் காயறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஊரில் நான் கேட்டபோது, "சர்க்காரு இப்ப அப்படித்தாங்க சொல்லும். கதவைத் தொறந்து காட்டுனா பொறவு வந்து அள்ளும்" என்றார்கள்.

பங்குனியில் அந்தக் கல்யாணம் நடந்தது. நிறைகுதிரோடு நடந்தது. யாரும் வந்து அள்ளவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு கலியபெருமாள் தன் வண்டியில் பழைய வரகை ஏற்றிக்கொண்டு அரியலூருக்கு வந்தார். மாட்டுக் கழுத்தில் கல்யாணத்து மாலை வாடிக்கிடந்தது. உன் எதிரில் நின்று, "எண்ணிப் பாத்தேங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கறது இது" என்றார். அவ்வளவுதான் பேசினார். அதற்குப் பிறகு ஊர் ஊராக வந்தார்கள். ரேஷன் கடை நடந்தது. உன் வேலையும் நிலைத்தது. மேலதிகாரி மட்டும், "மழை பெய்த வருஷத்தில் யாரும் தர்மவான். பொய்க்கும்போது பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டு உனக்குக் கோபம் வரவில்லை. "அவர் சொல்றது சரிதான். பரீட்சை இனிமேதான்" என்றாய்.

அந்தப் பரீட்சை வருமுன் நீ போய்விட்டாய். ஆடியில் காய்ச்சல் கண்டு, திருச்சி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தாய். கடைசியாக நான் பார்த்தபோது கண்ணைத் திறந்து, "மேற்கே மழை உண்டா?" என்று கேட்டாய். தூறல் என்று சொன்னேன். அது நிஜம்தான். அந்தத் தூறலோடு சரி.

ஐப்பசி வறண்டது. கார்த்திகை வறண்டது. மாசி வருவதற்குள் கிணறுகளின் அடி தெரிந்தது. பெரம்பலூர் ரோட்டில் வெளியூர் வியாபாரிகள் லாரியை நிறுத்திக்கொண்டு, சர்க்கார் விலையைப் போல் இரட்டை விலைக்கு ரொக்கம் என்று ஊருக்கு ஊர் ஆள் அனுப்பினார்கள். ரேஷன் கடையில் அளவைக் குறைத்தார்கள். அடுத்து மூடிவிடுவார்கள் என்று டவுனில் பேச்சு. உன் இடத்துக்கு வந்தவர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். போலீசோடு போய்க் குதிர்களைத் திறக்கலாமா என்று மேலே கேட்டு எழுதியிருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் கலியபெருமாள் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"புது அய்யா ஆள் அனுப்பப் போறாருன்னு சொல்றாங்க. நெசமா சார்?"

"இன்னும் பதில் வரல."

"பழைய அய்யா போயிட்டாரு. அவரு குடுத்த வாக்கும் போயிடுச்சான்னு ஊர்ல கேக்கச் சொன்னாங்க."

அவரைக் கூட்டிக்கொண்டு புது ஆபீசரிடம் போனேன். அதே கேள்வியை அவரிடமே கேட்கச் சொன்னேன். கலியபெருமாள் கேட்டார். ஆபீசர் மேலே எழுதிய கடிதத்தின் நகலை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "பங்குனி முடியற வரைக்கும் யாரும் உங்க வாசலுக்கு வரமாட்டாங்க. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். கலியபெருமாள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அவர் போனபிறகு ஆபீசர் என்னிடம், "ரோட்டுல இரட்டை விலை நிக்குது. இவங்க எதுக்கு சார் நம்மகிட்ட வரணும்?" என்றார். அதற்குப் பதில் உன்னிடம் இருந்திருக்கும்.

பங்குனி பாதியில் ஒரு காலை நான் ஸ்டேஷனிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ரோடு அடைத்துக் கிடந்தது. வண்டிகள். முதல் வண்டி டிப்போ வாசலில் நின்றது. கடைசி வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. உடையார்பாளையத்து மேற்கு ஊர்கள், செந்துறைப் பக்கம், பெரம்பலூர் எல்லையில் உன் ஏற்பாட்டைப் பார்த்துப் பின்னால் சேர்ந்துகொண்ட ஊர்கள் எல்லாம் ஒன்றாகப் பேசிவைத்துக்கொண்டு வந்திருந்தன. லாரிக்காரர்கள் நின்ற அதே ரோட்டில், அவர்களைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள். உன் இடத்து ஆபீசர் சாக்கு போதாமல் ஓடிக்கொண்டிருந்தார். பயந்த அந்த மனிதர் அன்று சிரித்ததை நான் பார்த்தேன்.

அஞ்சலையும் வந்திருந்தார். ரேஷன் பையோடு வேடிக்கை பார்க்க வந்த ஒரு வாத்தியார் மனைவி, "வரகா? இதை எப்படிம்மா திங்கறது? தோலு மேல தோலா இருக்கே" என்றார்.

"உலக்கைன்னு ஒண்ணு இருக்கும், வூட்ல தேடிப் பாருங்க" என்றார் அஞ்சலை. "நெல்லுச் சோறு தின்ன வாயிக்கு ரெண்டு நாள் வலிக்கும். பொறவு நீங்களே எங்க ஊரு தேடி வருவீங்க."

கலியபெருமாளிடம் ரோட்டில் நின்ற இரட்டை விலையைப் பற்றிக் கேட்டேன். "லாரிக்காரன் இந்த வருஷம் வருவான் சார். மழை பேஞ்சா அவனைத் தேடிப் புடிக்க முடியுமா?" என்றார். மூட்டையை இறக்கிவிட்டு வந்து மறுபடியும் நின்றார். "அய்யா எங்க வாசலை மிதிக்காம இருந்தாரு. நாங்க வந்து மிதிக்கறோம், அவ்வளவுதான்."

இரண்டு வருஷத்துக்கு என்று விட்டுவைத்ததிலிருந்தும் பலர் ஒரு பங்கை எடுத்து வந்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. அதை அன்று நான் என் கண்ணால் பார்த்தேன். நீ பார்த்திருக்க வேண்டும்.

மலைமேல் தேநீர் இடைவேளையில் அந்த ஒல்லிப் பிரதிநிதியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதற்குச் சட்டம் ஏதாவது போட்டீர்களா?" என்றார். முதலில் ஓர் ஆள் ஒரு சொல் சொன்னான், சட்டம் அதன் பின்னால் நடந்து வந்தது என்றேன். மறுநாள் மேடையில் அவர் அதைச் சொன்னார். ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்தார். உன் பெயர் அவருக்குத் தெரியாது. மண்டபத்தில் அன்று யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

வண்டிகள் வந்த அன்று மாலை நான் பத்திரிகைக்கு அனுப்பிய செய்தியின் முதல் வரி இது: "அரியலூரில் ரேஷன் கடை மூடப்படவில்லை." ஆசிரியர் ஆளனுப்பிக் கேட்டார். கடை மூடினால் செய்தி, பட்டினி வந்தால் செய்தி, ஒன்றுமே நடக்காதது எப்படிச் செய்தியாகும் என்றார். இதைவிடப் பெரிய செய்தி இந்த ஜில்லாவில் இந்த வருஷம் கிடையாது என்று திருப்பி எழுதினேன். உள்பக்கத்தில், மூலையில், நாலு வரியாகப் போட்டார்கள். போதும்.

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும், நடந்ததை எழுதி முடித்த பிறகு இன்னொன்றும் விசாரிக்கிறேன். இங்கே வந்திருக்கக்கூடிய கேடு, வராமல் போனது எது? அதை வரவிடாமல் தடுத்தவர் யார்? பெரும்பாலும் அந்த ஆளின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. கண்டுபிடித்து எழுதிவிடுகிறேன்.